சத்தம் சொல்லும் சங்கதி



லீவில் ஊருக்குப் போனால், "நீதான் டிப்ளமோ படிக்கிறியே, இந்தச் சத்தம் என்னன்னு பாரு" என்று யாராவது கார் சாவியை நீட்டுவார்கள். எனக்கு நீட்டியவர் என் மாமா. அரியலூரில் சின்ன மளிகைக் கடை வைத்திருக்கிறார். செகண்ட் ஹேண்டில் ஒரு மாருதி 800 வாங்கினார். பெரம்பலூர் ரோட்டில் 40-ஐத் தாண்டினால் 'ஊ...' என்று ஒரே இரைச்சல். ஒரு பட்டறையில் "கியர் பாக்ஸ் போச்சு, இறக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். அத்தனைக்கும் போக இருந்தது, மகள் படிப்புக்கு எடுத்து வைத்த பணம்!

நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: சத்தம் இன்ஜினோடு ஓடுதா, சக்கரத்தோடு ஓடுதா?

அதே 40 கி.மீ. வேகத்தில் ஒரு தடவை மூன்றாம் கியரிலும், ஒரு தடவை நான்காம் கியரிலும் ஓட்டிப் பாருங்கள். இன்ஜின் சுற்று மாறும், சக்கரத்தின் சுற்று மாறாது. சுருதி மாறினால் இன்ஜின் பக்கம். மாறாவிட்டால் சக்கரத்தின் பக்கம். ஒரே ஒரு கியரில் மட்டும் கத்தினால், கியர் பாக்ஸைச் சந்தேகிக்கணும்.

இரண்டாவது, கிளட்ச் சோதனை. வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓட விடுங்கள். கிளட்சை மிதித்தால் வரும் சத்தம், பெரும்பாலும் ரிலீஸ் பேரிங். மிதித்தால் போகும் சத்தம், கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்காக இருக்கலாம். கிளம்பும்போது மட்டும் வண்டி உதறினால் கிளட்ச் பிளேட்டையும் இன்ஜின் மவுண்டையும் பாருங்கள்.

மற்ற அடையாளங்கள்:

ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது 'டக் டக்' என்றால் வெளிப்பக்க சி.வி. ஜாயின்ட்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் ஆடினால் டிஸ்க் கோணல்.

80 கி.மீ. பக்கம் ஸ்டீயரிங் நடுங்கினால் வீல் பாலன்ஸ். 145/70 ஆர் 12 டயரின் சுற்றளவு சுமார் 1.6 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் வினாடிக்குச் சுமார் 14 சுற்று. சின்ன எடை வித்தியாசம்கூட வினாடிக்கு 14 தடவை உதைக்கும்.

ஐடிலிங்கில் லேசான நடுக்கம் இருந்தால் பயப்படாதீர்கள். 1983 முதல் 2014 வரை வந்த மாருதி 800-க்கு 796 சி.சி., மூன்று சிலிண்டர். அதன் சுபாவமே அப்படி!

மாமா காரில் கியர் மாற்றியும் இரைச்சலின் சுருதி மாறவில்லை. சுண்ணாம்புக்கல் லாரிகள் இல்லாத ஒரு காலி ரோட்டில் மெதுவாக வலப்பக்கம் வளைத்தோம், சத்தம் கூடியது. இடப்பக்கம் வளைத்தோம், குறைந்தது. வலப்பக்கம் வளைக்கும்போது பாரம் இடது சக்கரத்தில் விழும் அல்லவா? ஜாக்கி வைத்து, ஸ்டாண்டும் கொடுத்து, இடது முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினோம். லொட லொட! பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினால் ஆட்டமே இல்லை. அப்படியென்றால் பால் ஜாயின்ட் அல்ல, வீல் பேரிங்தான்.

பேரிங் மாற்றினோம், இரைச்சல் போச்சு. கியர் பாக்ஸை இறக்கியிருந்தால் காசும் போயிருக்கும், பழுதான பேரிங்கும் அப்படியே இருந்திருக்கும். அது முற்றினால் ஓடுகிற ஓட்டத்தில் சக்கரமே கையை விட்டுவிடும்.

ஆகவே தோழர்களே, ஸ்பேனரை எடுக்கும் முன் காதைத் தீட்டுவோம். நம்மை நம்பிச் சாவி கொடுப்பவர்களின் காசும் உயிரும் நம் கையில்தான் இருக்கிறது!