காமிராவினின்று கணினிக்கு

படம் எடுப்பது ஒரு கலை. எடுத்த படத்தைக் கணினியிற் பழுதின்றிச் சேர்ப்பது மற்றொரு கலை. முன்னதைக் கற்க விழைவார் பலர். பின்னதைக் கருதுவார் சிலரே. 1975 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுக் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாஸன் என்னும் பொறியாளர் அமைத்த டிஜிட்டல் காமிரா, ஒரு படத்தை ஒலிநாடாவிற் பதிவதற்கு 23 விநாடிகள் கொண்டது. பதிந்ததைக் காண்பதற்கோ, அந்நாடாவை வேறொரு கருவியிலிட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்க வேண்டியிருந்தது. ஆகவே, எடுத்த படத்தைக் காணும் இடத்திற்குக் கொண்டு சேர்க்கும் தொல்லை இக்கருவியோடு உடன்பிறந்தது எனலாம்.

அத்தொல்லை எம்மை வந்தடைந்த வகையை முதற்கண் கூறுவாம். எம் விடுதியிற் பல்லாண்டு சமையற்பணி புரிந்த முதியவர் ஓய்வு பெற்ற நாளில், அவரை நடுவில் இருத்தி, யாமெல்லாம் சூழ நின்று படம் எடுத்துக்கொண்டோம். பின்னர் தேர்வு வந்தது. படங்கள் காமிராவிலேயே கிடந்தன. சில திங்கள் கழித்து அம்முதியவர் காலமான செய்தி வந்தது. அவர்தம் மகனார் விடுதிக்கு வந்து, “தம்பி, அப்பா படம் வீட்டில் ஒன்றுகூட இல்லை, உங்களிடம் இருக்கிறதென்று சொன்னார்கள்” என்றார்.

உடனே மெமரி கார்டு எனப்படும் நினைவட்டையை எடுத்து, அறையிலிருந்த பழைய கணினியில் இட்டோம். “இவ்வட்டை ஃபார்மட் செய்யப்படவில்லை, இப்பொழுது செய்யலாமா?” என்று கணினி வினவியது. நண்பரொருவர் விரல் “ஆம்” என்பதை அழுத்தச் சென்றது. மற்றொருவர் அக்கையைப் பற்றி, “இரு, முதலில் காமிராவில் பார்ப்போம்” என்றார். அட்டையைக் காமிராவில் மீண்டும் இட்டுப் பார்த்தபோது, படங்கள் யாவும் இருந்தவாறே இருந்தன.

இதனால் யாம் கற்ற முதற்பாடம் யாதெனில், கணினி வினவும் வினாவிற்கு விடையிறுக்குமுன், படங்கள் காமிராவிற் காணப்படுகின்றனவா என்று நோக்குதல் வேண்டும் என்பதே. காணப்படின் அட்டை நலமாக உள்ளது. குற்றம் காமிராவிற்கும் கணினிக்கும் இடையே யாண்டோ உளது. அதனை ஒவ்வொன்றாகத் தேடிக் காணலாம்.

எமது அட்டையின் வரலாற்றைக் கூறின் காரணம் விளங்கும். எஸ்.டி. என்னும் அட்டை 1999 இல் அறிமுகமாயிற்று. அதன் முதல் வகை 2 ஜி.பி. அளவே கொள்ளும். 2006 இல் வந்த எஸ்.டி.ஹெச்.சி. 32 ஜி.பி. வரை கொள்ளும். 2009 இல் வந்த எஸ்.டி.எக்ஸ்.சி. அதற்கு மேற்பட்டது; எக்ஸ்ஃபேட் என்னும் முறையில் அது செய்திகளை வரிசைப்படுத்தி வைக்கும். எமது அட்டையோ 64 ஜி.பி. கொள்வது, எம் கணினியோ 2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இயங்குவது. தனியே ஓர் இணைப்பைச் சேர்த்தாலன்றி அதற்கு எக்ஸ்ஃபேட் தெரியாது. தான் அறியாத எழுத்தில் எழுதிய ஏட்டைக் கண்டு, “இது வெற்றேடு, இதில் நான் எழுதலாமா?” என்று கேட்பவனை ஒத்தது அக்கணினி. புதிய கணினியில் இட்டதும் படங்கள் யாவும் தோன்றின. பழைய கார்டு ரீடர்களும் இவ்வாறே புதுவகை அட்டைகளை அறியாது திகைப்பதுண்டு.

இனி, காமிராவைக் கம்பியால் நேரே இணைக்குங்கால் நேரும் இடர்களைக் காண்போம். யு.எஸ்.பி. 2.0 கம்பியினுள் நான்கு இழைகள் உள. இரண்டு மின்சாரத்தையும், இரண்டு செய்தியையும் சுமப்பன. விலை மலிந்த கம்பிகள் சிலவற்றில் மின்சார இழைகள் மட்டுமே உள்ளன. அத்தகைய கம்பியை இட்டால் மின்கலம் நிரம்பும். படம் ஒன்றும் வாராது. ஆதலின், படங்களைக் கொண்டுவரும் என்று முன்பே கண்டறிந்த கம்பியொன்றால் முதலில் சோதிக்க. காமிரா இயங்கு நிலையில் இருத்தல் வேண்டும். மின்கலமும் நிறைந்திருத்தல் வேண்டும். இடைவழியில் அது அணைந்தால் பாதிப் படங்களே வந்து சேரும். கணினியின் ஒரு துளையில் வேலை செய்யாதது மற்றொரு துளையில் வேலை செய்தலுங் கூடும்.

அட்டையின் பொன்னிறத் தகடுகளில் அழுக்குப் படிந்திருப்பின், உலர்ந்த மெல்லிய துணியால் துடைக்க. அட்டையின் ஓரத்திலுள்ள சிறு நெம்புகோலைக் கீழே தள்ளினால், பெரும்பாலான கருவிகள் அதில் எழுதவோ அழிக்கவோ மாட்டா, படிப்பதற்கோ தடையில்லை. ஆகவே, படங்களைக் கணினிக்குக் கொண்டுசெல்லும் வேளையில் அதனைக் கீழே தள்ளி வைத்தல் அறிவுடைமை.

படங்கள் வந்து சேர்ந்தும் திறவாதிருப்பின், அவை கெட்டுவிட்டன என்று அஞ்சற்க. ரா வகைக் கோப்புகளையும், ஆப்பிள் செல்பேசிகள் 2017 முதல் எடுக்கும் ஹெச்.இ.ஐ.சி. வகைப் படங்களையும் திறப்பதற்குத் தக்க மென்பொருள் கணினியில் இல்லாமையே அதற்குக் காரணமாகலாம்.

பெயரினால் விளையும் கேடு ஒன்று உண்டு. அதனை அறிவார் மிகச் சிலர். காமிராக்கள் படங்களை டி.சி.ஐ.எம். என்னும் கோப்புறைக்குள் இடுகின்றன. ஒவ்வொரு படத்திற்கும் நான்கு எழுத்துகளும் நான்கு எண்களும் சேர்ந்த பெயரைச் சூட்டுகின்றன. 9999 ஐ எட்டியபின் எண் மீண்டும் 0001 இற்குத் திரும்பும். ஆகவே, புதிய படமொன்று பழைய படத்தின் பெயரையே தாங்கி வரும். இரண்டையும் ஒரே கோப்புறையில் இட முயன்றால், “பழையதை மாற்றி இதனை வைக்கலாமா?” என்று கணினி கேட்கும். சிந்தியாது “ஆம்” என்போர் பழைய படத்தை இழப்பர். ஆண்டு, திங்கள், நாள் ஆகியவற்றைப் பெயராக இட்டு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் தனிக் கோப்புறை அமைத்தால் இவ்விடர் இல்லை.

இனி, கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கைத் தொகுத்துரைப்பாம். படங்களை வெட்டி நகர்த்தாது, நகல் எடுக்க. எடுத்தபின் எண்ணிக்கை ஒத்துள்ளதா என நோக்கிச் சில படங்களைத் திறந்து பார்க்க. வேறொரு வட்டில் இரண்டாம் நகல் ஒன்று வைக்க. கணினியில் விடைபெறும் கட்டளையை இட்ட பின்னரே அட்டையை வெளியே எடுக்க. இவையெல்லாம் முடிந்த பின்னரே அட்டையைக் காமிராவிலிட்டு ஃபார்மட் செய்க.

அறியாது அழித்துவிட்டோர்க்கும் ஒரு வழி உண்டு. ஃபேட் முறையில் ஒரு கோப்பை அழிக்கும்போது, அட்டவணையில் அதன் பெயரின் முதலெழுத்து மட்டுமே மாற்றப்பட்டு, அவ்விடம் காலியென்று குறிக்கப்படுகிறது. படமோ அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை அங்கேயே கிடக்கும். விரைவு ஃபார்மட்டும் பெரும்பாலும் இத்தகையதே. ஆதலின், தவறு தெரிந்த அக்கணமே படம் எடுப்பதை நிறுத்துக. ஃபோட்டோரெக் என்னும் இலவச மென்பொருளால் மீட்கலாம். பழைய பெயர்கள் திரும்பி வாரா. மீட்ட படங்களை அதே அட்டையில் எழுதாது, வேறு வட்டிலேயே எழுதுதல் இன்றியமையாதது. முற்றும் துடைத்தெழுதும் ஃபார்மட்டாயின் மீட்சி இல்லை.

முதியவரின் படத்தை அச்சிட்டு, சட்டமிட்டு, அவர் மகனாரிடம் கொடுத்தோம். அவர் அதனை நெடுநேரம் நோக்கி, “அப்பா சிரித்தபடி இருக்கிறார்” என்றார், வேறொன்றும் கூறவில்லை. “ஆம்” என்பதை அழுத்தியிருப்பின், அவரிடம் யாம் கூறத்தக்க விடை யாது? அறியாமையைக் காட்டிலும் அவசரமே இத்தொழிலிற் பெரும்பகை. ஆதலின், நம் நண்பர்கள் படங்களை நெடுநாள் அட்டையிற் கிடக்க விடாது, எடுத்த அன்றே கணினியிற் சேர்த்து, நகலும் வைத்துக்கொள்வாராக.