புதிய குழுவை வழிநடாத்தும் முறை

ஒரு பாடசாலையிற் புதிதாக உபாத்தியாயர் சிலர் ஒருங்கு சேர்க்கப்பட்டவுடன், அவர் அன்றே ஒரு குழுவாகிவிடுவர் என்று நினைத்தல் தவறு. தனித்தனி வல்லவராயினும், கூடிச் செய்யும் வன்மை காலக்கிரமத்திலேயே உண்டாகும். இதனை அறியாத தலைவர் முதற் பிணக்கைக் கண்டவுடன் மனமுடைந்து, நல்லாசிரியரையும் இழந்துவிடுவர். அவ்விழப்பினால் வருந்துவோர் மாணாக்கரே.

புரூஸ் டக்மன் என்னும் அமெரிக்க உளநூலார், சிறு குழுக்களைப் பற்றிய 50 கட்டுரைகளை ஒப்புநோக்கி, 1965ஆம் ஆண்டில் நான்கு நிலைகளை வகுத்தனர். கூடுதல், பிணங்குதல், இணங்குதல், செயலாற்றுதல் என அவற்றை நாம் கூறலாம். 1977இல் பிரிதல் என்னும் ஐந்தாம் நிலையும் சேர்க்கப்பட்டது.

கூடும் நிலையில் யாவரும் தலைவர் முகத்தையே நோக்கியிருப்பர். அம்மௌனத்தை ஒற்றுமையென்று மயங்கலாகாது. நோக்கம் யாது, எவர் கடன் எது என்பவற்றைத் தலைவர் தெளிவுறச் சொல்லுதல் வேண்டும்.

பிணங்கும் நிலையிற் கருத்து வேற்றுமை வெளிப்படும். அதனை அடக்குதலும் தகாது. கண்டுங் காணாதிருத்தலுந் தகாது. எண்டியூரன்ஸ் என்னுங் கப்பல் தென்துருவக் கடலில் மூழ்கியபின், 1915 டிசம்பரில், தச்சர் மக்னிஷ் என்பவர் மேற்செல்ல மறுத்தனர். கப்பல் அழிந்தமையாற் கட்டளையும் அழிந்தது என்பது அவர் வாதம். தலைவர் ஷாக்கிள்டன் உடன்படிக்கையை யாவருங் கேட்க வாசித்து, அது இன்னுஞ் செல்லும் என்றும் சம்பளமும் உண்டு என்றும் உறுதி கூறினர். 1916 ஏப்ரலில் உதவி தேடிச் சிறு படகிற் சென்ற அறுவருள் அத்தச்சரும் ஒருவர். அப்படகைக் கடற்செலவிற்கு ஏற்பத் திருத்தியவரும் அவரே. ஆயினும் பின்னர்த் துருவப் பதக்கம் அவருக்கு வழங்கப்படாதது பலரால் ஒரு குறையாகவே பேசப்படுகின்றது. எதிர்த்தவர் திறமையைப் பயன்கொண்ட தலைவர், அவர்க்குரிய மதிப்பையும் அளித்தல் முறையென்க.

இணங்கும் நிலையில் விதிகள் குழுவினராலேயே அமையும். தலைவர் சிறிது பின்னிற்க. ஆனால் இணக்கங் கெடுமென்று அஞ்சிப் பிழையைச் சுட்டாது விடலாகாது. செயலாற்றும் நிலையிற் பொறுப்பை ஒப்படைத்து, தடைகளை நீக்குதலே அவர் பணி.

டக்மன் ஆராய்ந்தவற்றுட் பெரும்பாலன சிகிச்சைக் குழுக்களையும் பயிற்சிக் குழுக்களையும் பற்றியன. ஆதலின் இவ்வொழுங்கு மாறா விதியன்று. புதிய ஆசிரியர் ஒருவர் வரினும் குழு முதனிலைக்கு மீளுதல் கூடும். ஆகவே, தலைமையாசிரியர்காள்! பிணக்கு வந்துழி, குழு கெட்டதென்று கருதாது, அது வளர்கின்றதோ என்று முதலில் ஆராய்வீராக.