தரைக்கு இன்னும் பத்து அடி

1943 மே மாதம், ஜெர்மனியின் ரூர் பகுதி அணைகளைத் தகர்க்கப் புறப்பட்ட பிரிட்டிஷ் விமானப்படையின் 617-வது படையணிக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை கடுமையானது. இரவு வேளையில், நீர்மட்டத்துக்கு மேல் சரியாக 60 அடியில் பறந்தபடி குண்டை விடவேண்டும். காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கருவிக்கு அந்த நுணுக்கம் கிடையாது. எனவே லங்காஸ்டர் விமானங்களின் அடியில் இரண்டு விளக்குகளைச் சாய்த்துப் பொருத்தினார்கள். இரண்டு ஒளிப்பொட்டுகளும் தண்ணீரின்மேல் ஒன்றையொன்று தொட்டால் உயரம் 60 அடி. நேவிகேட்டர் அவற்றைப் பார்த்தபடி, இறங்கு, ஏறு என்று விமானிக்குக் குரல் கொடுத்தார்.

ஒளியால் அளந்து குரலால் சொல்லும் அதே வேலையைத்தான், சொந்தமாகச் சிறு விமானம் கட்டும் அமெரிக்கர்கள் இன்று தங்கள் பட்டறையில் செய்துகொள்ளும் தரையிறங்கு உயரமானியும் செய்கிறது. விளக்கின் இடத்தில் லேசர், நேவிகேட்டரின் இடத்தில் ஒரு மெமரி கார்டு.

பழகிய விமானிக்கு இது எதற்கு என்று கேட்கலாம். பகலில், பழகிய ஓடுபாதையில் கண்ணே போதும். ஆனால் வழக்கத்தைவிட அகலமான ஓடுபாதை, தரை பக்கத்தில் வந்துவிட்டதுபோல் ஏமாற்றும். விமானி சீக்கிரமே மூக்கைத் தூக்கிவிடுவார், விமானம் சில அடி உயரத்திலிருந்து தொப்பென்று விழும். இரவில் இந்த மயக்கம் இன்னும் மோசம். கருவிப்பலகையில் இருக்கும் அழுத்த உயரமானியும் இங்கே கைகொடுக்காது. கடல்மட்டத்துக்கு அருகில் ஒரு ஹெக்டோபாஸ்கல் அழுத்த மாற்றம் ஏறக்குறைய 8 மீட்டருக்குச் சமம். பெரிய பயணி விமானங்கள் 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் ரேடியோ உயரமானியை வைத்து ‘ஐம்பது, நாற்பது, முப்பது’ என்று சொல்லிக்கொண்டே இறங்குகின்றன. அதன் விலை பல ஆயிரம் டாலர். இரண்டு பேர் உட்காரும் விமானத்துக்கு அது கட்டுப்படியாகாது.

முதல் வேலை, சட்டத்தைப் பார்ப்பது. அமெரிக்காவில் சொந்தமாகக் கட்டி ‘எக்ஸ்பெரிமென்டல்’ பிரிவில் பதிவு செய்த விமானம் என்றால் இதைப் பொருத்திப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளலாம். தொழிற்சாலையில் செய்து சான்றளிக்கப்பட்ட செஸ்னா 172 போன்றவற்றில் முறையான ஒப்புதல் இல்லாமல் இறக்கையில் ஒரு துளைகூடப் போட முடியாது.

அடுத்து சென்சார். கடையில் முதலில் கண்ணில் படுவது சில டாலருக்குக் கிடைக்கும் எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற மீயொலி சென்சார். ரோபோ பொம்மைக்கு அது நல்ல பொருள்தான், விமானத்துக்கு ஆகாது. எட்டும் தூரமே 4 மீட்டர். 4 மீட்டர் உயரத்திலிருந்து போன ஒலி திரும்பிவர 23 மில்லிநொடி ஆகும். அதற்குள் 60 நாட் வேகத்தில் போகும் விமானம் 70 சென்டிமீட்டர் முன்னே நகர்ந்திருக்கும். போதாக்குறைக்குப் புரொப்பெல்லர் இரைச்சலும் எதிர்காற்றும் எதிரொலியைக் கலைத்துவிடும்.

ஆகவே லேசர்தான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளித்துடிப்பைத் தரைக்கு அனுப்பி, அது திரும்பிவர ஆகும் நேரத்தைக் கணக்கிடும் சென்சார்கள் இவை. 10 மீட்டர் உயரத்திலிருந்து போய்வர ஒளிக்கு ஆவது சுமார் 67 நானோநொடி. கார்மின் நிறுவனத்தின் லிடார்-லைட் வி3 இந்த வேலைக்குப் பொருத்தமானது. 40 மீட்டர் வரை எட்டும் என்பது கையேட்டுக் கணக்கு. அது ஒளியை நன்றாகத் திருப்பும் பரப்புக்குச் சொன்னது. புதிதாகப் போட்ட கருந்தார்ப் பாதையில் குறையும். இருந்தாலும் 50 அடி, அதாவது 15 மீட்டர், கிடைத்தால் நமக்குப் போதும். இந்தச் சென்சாரின் தகுதியில் சந்தேகம் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாயில் பறந்த நாசாவின் இன்ஜெனுயிட்டி ஹெலிகாப்டர் தன் உயரத்தை அளந்தது இதே கடைச்சரக்கை வைத்துத்தான்.

மற்ற பொருட்கள் எளியவை. ஆர்டுயினோ நானோ பலகை ஒன்று, டி.எஃப்.பிளேயர் மினி என்ற ஒலிபரப்பும் துண்டுப்பலகை, அதில் செருக ஒரு மைக்ரோ எஸ்.டி. கார்டு, விமானத்தின் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் ரெகுலேட்டர், ஒரு ஃபியூஸ், உறையிட்ட கம்பி.

இணைப்பு சுலபம். சென்சாரின் சிவப்புக் கம்பி 5 வோல்ட்டுக்கு, கறுப்பு எர்த்துக்கு, நீலம் நானோவின் ஏ4-க்கு, பச்சை ஏ5-க்கு. சிவப்புக்கும் கறுப்புக்கும் குறுக்கே 680 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை மறக்காமல் போடவேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு துடிப்பின்போதும் மின்னழுத்தம் சரிந்து அளவீடு தள்ளாடும். மலிவான ரெகுலேட்டர்கள் விமான ரேடியோவில் கரகரப்பை உண்டாக்கும். ரேடியோவைப் போட்டு, எல்லா அலைவரிசைகளிலும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியை மூடவேண்டும். ஒலியை ஹெட்செட்டுக்குக் கொண்டுபோக, இன்டர்காமின் துணை உள்ளீட்டைப் பயன்படுத்தலாம். கட்டுப்பாட்டு கோபுரத்தின் குரலை இது அமுக்கிவிடாத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து வைக்கவேண்டும்.

எங்கே பொருத்துவது என்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வால் பக்கம் இடம் காலியாக இருக்கிறதென்று அங்கே வைத்தால் கணக்கு கெடும். பிரதானச் சக்கரங்களுக்கு 2 மீட்டர் பின்னால் சென்சார் இருக்கிறது, தரையிறங்கும்போது மூக்கு 8 டிகிரி உயர்கிறது என்றால், சென்சார் 28 சென்டிமீட்டர் தாழ்ந்துவிடும்; ஏறக்குறைய ஓர் அடி பிழை. சக்கர அச்சுக்கு நேராக, இறக்கையின் அடியில் இருக்கும் பரிசோதனை மூடிதான் நல்ல இடம். அந்த மூடியைப்போல் இன்னொன்றை அலுமினியத் தகட்டில் வெட்டி, அதில் சென்சாரைப் பதித்தால் இறக்கையில் புதுத் துளையே வேண்டாம். புகைபோக்கியின் பாதையிலும், எஞ்சின் எண்ணெய் வழிந்து வரும் தடத்திலும் மட்டும் வைக்கக்கூடாது. இறக்கை சாய்வதால் வரும் பிழையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை: 10 டிகிரி சாய்வில் அளவு ஒன்றரை சதவீதம்தான் கூடும்.

பொருத்தியபின் விமானத்தைத் தரையிறங்கும் கோணத்தில் நிறுத்தவேண்டும். வால்சக்கர விமானம் தானாகவே அப்படி நிற்கும்; மூக்குச்சக்கர விமானத்தின் வாலை அழுத்திப் பிடிக்கவேண்டும். அப்போது சென்சார் காட்டும் எண்ணைக் குறித்துக்கொண்டு, நிரலில் எல்லா அளவுகளிலிருந்தும் கழித்துவிட்டால், சக்கரம் தரையைத் தொடும்போது சரியாகப் பூஜ்யம் வரும்.

இனி நிரல். கருவியின் தரம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. அளப்பது பெரிய காரியமில்லை. சரியான கணத்தில் பேசுவதும், தெரியாதபோது வாயை மூடிக்கொள்வதும்தான் கடினம். 60 நாட் வேகத்தில் 3 டிகிரி சரிவில் வரும் விமானம் நொடிக்கு 1.6 மீட்டர் இறங்குகிறது. ‘பத்து’ என்று சொல்லி முடிக்க அரை நொடி ஆனால், சொல் முடியும்போது விமானம் ஏழு அடிக்கு வந்திருக்கும். இதற்கு இரண்டு வேலைகள் செய்யவேண்டும். ஒலிக்கோப்புகளின் தொடக்கத்தில் இருக்கும் மௌனத்தை ஒட்ட நறுக்கவேண்டும். அடுத்தடுத்த அளவுகளிலிருந்து இறங்குவேகத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்பக் குரலை முன்கூட்டியே எழுப்பவேண்டும். உண்மையில் விமானி எண்களைவிட அவற்றுக்கு இடையிலான தாளத்தையே அதிகம் கவனிக்கிறார். சீராக வரும் சிறு தாமதம் பழகிவிடும், ஒருமுறை முந்தியும் மறுமுறை பிந்தியும் வருவதுதான் ஆபத்து.

புல்நுனி, பறவை, தூசி போன்றவற்றால் வரும் திடீர்க் குதிப்புகளை வடிகட்ட, கடைசி ஐந்து அளவுகளில் நடுவில் நிற்பதை எடுத்துக்கொண்டால் போதும். சராசரி எடுக்கக்கூடாது, ஒரே ஒரு தவறான எண் சராசரியையே இழுத்துவிடும். ஒவ்வொரு உயரத்தையும் இறங்கும்போது ஒருமுறைதான் சொல்லவேண்டும். விமானம் துள்ளிப் பத்தடிக்கு மேல் போனால் மறுபடியும் எண்ணத் தொடங்கவேண்டும். 70 அடிக்குக் கீழே வந்து நம்பகமான எதிரொளி கிடைத்ததும் ஒரு சிறு மணியோசையை ஒலிக்கச் செய்வது அவசியம். மணி கேட்கவில்லையா, கருவி இல்லை என்றே எண்ணி விமானி இறங்குவார்.

மிதவை விமானம் வைத்திருப்பவர்கள் இதில் அதிக நம்பிக்கை வைக்கக்கூடாது. அலையற்ற ஏரியில் உயரத்தைக் கண்ணால் கணிக்கவே முடியாது, கருவி அங்கேதான் மிகவும் தேவை. ஆனால் அசையாத நீர்ப்பரப்பு லேசரைக் கண்ணாடிபோல் வேறு பக்கம் தெறிக்கவிட்டுவிடும். அங்கே பழைய முறையே நல்லது: எஞ்சின் விசையை விடாமல், நிமிடத்துக்கு 150 அடிக்கு மிகாமல் சீராக இறங்கி, தண்ணீர் தானாகத் தொடும்வரை காத்திருப்பது.

சோதனையைத் தரையில் தொடங்கலாம். பட்டறைச் சுவரைக் குறிவைத்து 1, 3, 6, 15 மீட்டர்களில் டேப்பால் அளந்து ஒப்பிடவேண்டும். பிறகு அதையே உச்சிவெயிலில் தார்ச்சாலை, ஈரப்புல், கான்கிரீட் மூன்றின்மேலும் செய்யவேண்டும், ஏனென்றால் வெயிலின் அகச்சிவப்பு ஒளி சென்சாரைக் குருடாக்கக்கூடும். பறந்து பார்ப்பது பகலில், நீண்ட ஓடுபாதையில், காற்றடங்கிய வேளையில் இருக்கட்டும். குரலைக் கேட்பதும் குறிப்பெடுப்பதும் பக்கத்து இருக்கைக்காரரின் வேலை. ஓட்டுகிறவர் கருவியே இல்லாததுபோல் ஓடுபாதையின் கடைக்கோடியைப் பார்த்து இறங்கவேண்டும். ஓடுபாதை ஓரத்தில் ஒருவர் நின்று பக்கவாட்டில் வீடியோ எடுத்தால், ‘பத்து’ என்ற குரல் வந்த கணத்தில் சக்கரம் எங்கே இருந்தது என்பதை அப்புறம் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். பிழை தெரிந்தால் நிரலில் தாமதத்துக்கான எண்ணை மட்டும் மாற்றினால் போதும். சென்சாரின் கண்ணாடியை ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் துடைக்கவேண்டும். டயரை வேறு அளவுக்கு மாற்றினால், கழிக்கும் எண்ணையும் புதிதாக அளந்து பதிவேட்டில் எழுதவேண்டும்.