வெள்ளைக் காரில் ஆரஞ்சுப் புள்ளி: உள்ளே இருந்து வந்ததா, மேலே வந்து விழுந்ததா?

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. அப்பா காரைக் கழுவிட்டு, துணியைக் கையில வச்சுக்கிட்டே நின்னுட்டிருந்தார். பானெட் முழுக்க குண்டூசி முனை அளவுக்கு ஆரஞ்சு கலர் புள்ளிகள். ஒண்ணு ரெண்டு இல்ல, நூத்துக்கணக்குல. எங்க வீட்டுத் தறியை வித்து, மேல கடனும் வாங்கி எடுத்த செகண்ட் ஹேண்ட் வெள்ளைக் கார் அது. டாக்ஸியா ஓடுது. என்னோட கடைசி செமஸ்டர் ஃபீஸும் அதுல இருந்துதான் வரணும்.

ஒரு பெயின்டிங் பட்டறையில காட்டினோம். "துருண்ணே. உள்ள இருந்து வருது. பானெட், ரூஃப் ரெண்டையும் முழுசா சுரண்டி அடிக்கணும்"னு சொல்லி 22,000 ரூபாய் கேட்டாங்க. அப்பா வண்டியை வித்துடலாமான்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டார். அம்மாதான், "நாலு வருஷமா இரும்பைப் பத்தித்தானே படிக்கிற, நீ போய்ப் பாரேன்"னாங்க. கொரோஷன் பாடத்துல நான் எடுத்த மார்க் அம்மாவுக்குத் தெரியாது. (நான் படிச்சது இங்கிலீஷ் மீடியம். துருவுக்குக் குறிலா நெடிலான்னு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டுத்தான் இந்தக் கட்டுரையையே ஆரம்பிச்சேன். மன்னிச்சுக்கோங்க.)

முதல்ல கண்ணால பார்த்ததைச் சொல்றேன். பானெட், ரூஃப், டிக்கி மூடி, அதாவது வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிற பரப்புகள்ல மட்டும்தான் புள்ளிகள் அதிகம். கதவுகள்ல ரொம்பக் குறைவு. தகடு உள்ளே இருந்து துரு பிடிச்சா அது இப்படி சமமாப் பரவாது. தண்ணி தங்குற கதவின் அடி ஓரம், தகடுகள் சேருற மடிப்பு, கல் பட்டு பெயின்ட் பெயர்ந்த இடம்னு பலவீனமான இடமாப் பார்த்துத்தான் ஆரம்பிக்கும். பெயின்ட் கொப்புளம் மாதிரி உப்பும், நகத்தால அழுத்தினா உடையும். எங்க பானெட்ல கொப்புளமே இல்ல. ஈரத்தோட ஒரு மெல்லிய பாலித்தீன் கவருக்குள்ள கையை விட்டு மெதுவா தடவிப் பார்த்தேன். உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு இருந்தது. வெறுங்கையில தெரியாத மேடெல்லாம் கவர் வழியா நல்லாத் தெரியும். செஞ்சு பாருங்க.

ஆக, இது மேல வந்து விழுந்த இரும்பு. எங்கிருந்து? அப்பா கல் லாரிகளைச் சொன்னார். வாலாஜாபாத்ல ஜல்லி, எம்-சாண்ட் லாரி போகாத நேரம் இல்லைதான். ஆனா கருங்கல் தூசி துருப்பிடிக்காது, கழுவினா போயிடும். நாங்க வண்டி நிறுத்துறது ரயில்வே ஸ்டேஷன் பக்கம். செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையில இருக்கிற ஸ்டேஷன் (வாலாஜா ரோடு இல்லீங்க, அது வேற ஊரு). இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் தயாராகிற புதுக் கார்களை இங்கேதான் ரயில்ல ஏத்துறாங்க. பழைய பயணிகள் பெட்டிகளோட ஜன்னலை அடைச்சு, கடைசியில கதவு வச்சு மாத்தின பெட்டிகள்கூட அந்த வேலைக்கு வரும். ரயில் பிரேக் போடும்போது சக்கரத்துல பிரேக் கட்டை உரசுது, சக்கரம் தண்டவாளத்துல உரசுது. அதுல கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் பறக்கும். கார் பெயின்ட் உலகத்துல இதுக்குப் பேரே 'ரயில் டஸ்ட்'. ரயில்ல வந்த புத்தம்புது காரிலேயே இந்தப் புள்ளி இருக்கிறது உலகம் முழுக்கத் தெரிஞ்ச சங்கதி. ரயில் மட்டுமே குத்தவாளின்னும் சொல்ல மாட்டேன். எங்க தெருமுனையில ஒரு கிரில் பட்டறை இருக்கு, அங்கே கிரைண்டர் நாள் முழுக்க பொறி தெறிக்கும். நம்ம காரோட பிரேக் டிஸ்க்கும் வார்ப்பிரும்புதான்.

காரோட பெயின்ட் அடுக்கு மொத்தமும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். அதுல மேல இருக்கிற கிளியர் கோட் ஏறக்குறைய 40 மைக்ரான், தலைமுடியைவிட மெலிசு. கூரான துகள் அதுல குத்திக்கிட்டு உட்காரும். பனியும் மழையும் பட்டா துருவாகும். இரும்பைவிடத் துருவுக்குப் பல மடங்கு இடம் வேணும். அதனால அது வீங்கி இன்னும் இறுக்கமாப் பிடிச்சுக்கும். ஷாம்பூவுக்கு மசியாததுக்குக் காரணம் அதுதான்.

இதுக்குன்னே 'அயர்ன் ரிமூவர்'னு ஒரு திரவம் கிடைக்குது. நான் 450 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே இருக்கிறது பெரும்பாலும் அமோனியம் தயோகிளைகோலேட். பார்லர்ல முடியைச் சுருட்டப் போடுறாங்களே, அந்த மருந்தோட சரக்குதான். அதனால அழுகின முட்டை நாத்தம் கட்டாயம் வரும். தண்ணியில கரையாத துருவோட சேர்ந்து, கரையுற ஊதா நிறச் சேர்மமா அதை மாத்திடும். நிழல்ல, பானெட் நல்லா ஆறின பிறகு, ஒரு தடவை கழுவிட்டு அடிச்சேன். ரெண்டு நிமிஷத்துல வெள்ளை பானெட்ல ஊதா கண்ணீர் மாதிரி வழிய ஆரம்பிச்சது. அப்பா பதறிப்போய், "டேய், பெயின்ட் கரையுதுடா!"ன்னு பக்கெட்டோட ஓடி வந்தார். அது காய விடக்கூடாது. நாலைஞ்சு நிமிஷத்துல நிறையத் தண்ணி ஊத்திக் கழுவணும். கையுறை போட்டுக்கோங்க, மறைவான ஓரத்துல முதல்ல சோதிச்சுப் பாருங்க, வேற எந்த கெமிக்கலோடயும் கலக்காதீங்க. டாய்லெட் ஆசிட், ஸ்க்ரப்பர், பிளேடு மூணும் கிட்டவே வரக்கூடாது.

மிச்சம் இருந்த பிடிவாதக்காரங்களுக்கு கிளே பார். களிமண் மாதிரி பிசையுற பொருள். சோப்புத் தண்ணி தாராளமாத் தெளிச்சு, அழுத்தாம, நேர்க்கோட்டுல தேய்க்கணும், வட்டமா வேண்டாம். கீழ விழுந்துட்டா தூக்கிப் போட்டுடுங்க. நான் காசு பார்த்துத் திரும்ப எடுத்துத் தேய்ச்சேன். ஒட்டியிருந்த மணல் போட்ட கோடு இன்னும் ரூஃப்ல இருக்கு. கடைசியா வாக்ஸ்.

ஒரு இடத்துல மட்டும் பட்டறைக்காரர் சொன்னது சரி. டிரைவர் பக்கக் கதவின் அடியில ஒரு கொப்புளம். அயர்ன் ரிமூவர் அதை ஒண்ணும் செய்யல, உடைச்சா உள்ளே பழுப்புத் தகடு. அங்கே உப்புத்தாள்ல தகடு பளிச்சுன்னு தெரியுற வரைக்கும் தேய்ச்சு, பிரைமர், மெல்லிசா மூணு கோட் டச்-அப் பெயின்ட், கிளியர் கோட். கலர் கொஞ்சம் ஒத்து வரல. குனிஞ்சு பார்த்தாத்தான் தெரியும்.

எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய், ஒண்ணரை நாள். வண்டியை விக்கல. இப்போ ராத்திரியில ஸ்டேஷன் பக்கம் நிறுத்துறதில்ல, பெரியப்பா வீட்டுச் சந்துல விடுறோம். போன வாரம் பாலித்தீன் கவரோட போய் பானெட்டைத் தடவிப் பார்த்தேன். பதினோரு புள்ளி. பாட்டில்ல இன்னும் பாதி மிச்சம் இருக்கு.