அரக்கோணத்து விமானம் விசாகப்பட்டினம் போன கதை

கேள்வி: அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்த டியு-142 விமானத்தை விசாகப்பட்டினம் கடற்கரைக்கு எப்படிக் கொண்டுபோனார்கள்? லாரியிலா?
(வாசகர், ஆவடி)

பதில்: கடைசித் தூரம் மட்டும்தான் லாரி! 2017 மார்ச் 29-ல் அரக்கோணத்தின் ராஜாளி கடற்படைத் தளத்தில் ஓய்வுபெற்ற விமானம், ஏப்ரலில் தானே பறந்துபோய் விசாகப்பட்டினத்தில் இறங்கியது. தலைவலி அதன்பிறகுதான். 50 மீட்டர் இறக்கையோடு எந்தத் தெருவில் திரும்புவது? ஆகவே விமான நிலையத்திலேயே பிரித்து, பாகம் பாகமாக டிரெய்லரில் ஏற்றி, கடற்கரைச் சாலையில் மறுபடி பொருத்தினார்கள். டிசம்பரில் அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அதை அருங்காட்சியகமாகத் திறந்துவைத்தார். அதுமுதல் உப்புக்காற்றோடு ஓயாத மல்லுக்கட்டு. பெயின்ட் உரிந்தால் அலுமினியம் அரிக்கும். 29 ஆண்டு சேவையில் பெரும்பகுதி நம்மூரில் கழித்த விமானத்தை அரக்கோணத்திலேயே வைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்குண்டு. ஆனால் விசாகப்பட்டினத்தில் அதன் எதிரிலேயே குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகம் இருக்கிறது, கூட்டத்துக்குக் குறைவில்லை.