சராசரி ஏறினால் மாணவர் தேறினாரா?

கேள்வி: எங்கள் பொறியியல் துறையில் எட்டு செமஸ்டர் மதிப்பெண்களும் கையில் இருக்கின்றன. வகுப்புச் சராசரி ஏறிக்கொண்டே போகிறது. கற்பித்தல் பலன் தருகிறது என்று அறிக்கை எழுதலாமா?
– ஒரு பேராசிரியை, திருநெல்வேலி

பதில்: அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு சராசரியின் பக்கத்திலும் எத்தனை பேர் என்று முதலில் எழுதுங்கள். அரியர் சுமை தாங்காமல் சிலர் படிப்பை விட்டிருப்பார்கள். டிப்ளமோ முடித்தவர்கள் மூன்றாம் செமஸ்டரில் வந்து சேர்ந்திருப்பார்கள். ஆட்களே மாறிவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது?

ஆளுக்கொரு கோடு வரையுங்கள். ஒரு மாணவி 5.8-இலிருந்து 7.9-க்கு ஏறியிருப்பார், இன்னொருவர் 8.6-இலிருந்து 7.1-க்குச் சரிந்திருப்பார். இருவரின் சராசரி 7.2-இலிருந்து 7.5 ஆகும். உங்கள் அறிக்கையில் அது வளர்ச்சி. சரிந்தவர் யார் கண்ணிலும் பட மாட்டார். ஆர் மென்பொருளில் கலப்பு விளைவு மாதிரியைப் பொருத்தினால், ஒவ்வொருவரும் எங்கே தொடங்கினார், எந்த வேகத்தில் போனார் என்பது தனித்தனியே கிடைக்கும்.

பாடங்களும் ஒன்றல்ல. முதல் செமஸ்டர் கணிதத்தையும் கடைசி செமஸ்டர் புராஜெக்டையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? (புராஜெக்டில் யாரையும் நாம் ஃபெயிலாக்குவதில்லை என்பது ஊரறிந்த ரகசியம்.) அந்தந்தத் தாளின் சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளி நிற்கிறார் என்று மாற்றிக்கொள்ளுங்கள். கொரோனா கால ஆன்லைன் தேர்வுகளைத் தனியே குறித்துவையுங்கள்.

அரியரை எத்தனை முயற்சியில் முடிக்கிறார்கள் என்று பார்க்க 1958-இல் வெளியான கேப்லன்-மேயர் முறை பொருந்தும். இன்னும் எழுதித் தேறாதவர்களையும் அது கணக்கில் வைத்துக்கொள்ளும். தேறியவர்களை மட்டும் எண்ணி ‘சராசரியாக இரண்டே முயற்சி’ என்று எழுதிவிடாதீர்கள்.