பவர் ஸ்டியரிங் பம்ப் சூடாகுதா? பம்பை மாத்தறதுக்கு முன்னாடி இந்த 6 விஷயத்தைப் பாருங்க

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினவங்களுக்குப் பட்ஜெட்டை உடைக்கறது பெரும்பாலும் இ.எம்.ஐ. இல்லை, திடீர்னு வர்ற ரிப்பேர் பில்தான். "பம்ப் சூடாகுது, புதுசு போட்டுடலாம்"னு மெக்கானிக் சொன்னதும் கார்டைத் தேய்க்கறோம். ஆனா பம்ப் சூடாகறது பல நேரத்துல நோய் இல்லை, அறிகுறி. காரணத்தைச் சரி பண்ணாம புது பம்ப் போட்டா அதுவும் சீக்கிரமே போயிடும். ஒரே செலவை ரெண்டு தடவை பண்ணுவோம்.

முதல்ல, இது உங்க காருக்குப் பொருந்துமா?

இப்போ வர்ற சின்ன கார்கள்ல பெரும்பாலும் மோட்டார்ல இயங்குற எலக்ட்ரிக் ஸ்டியரிங்தான். அதுல பம்பும் கிடையாது, ஆயிலும் கிடையாது. பழைய இன்னோவா, ஸ்கார்பியோ மாதிரி வண்டிகள்ல ஹைட்ராலிக் சிஸ்டம் இருக்கும். பானெட்டைத் திறந்து பாருங்க. மூடியில ஸ்டியரிங் படம் போட்ட சின்ன ஆயில் டப்பா இருந்தா, இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

ஏன் சூடாகுது?

இன்ஜின் பெல்ட் பம்பைச் சுத்துது, பம்ப் ஆயிலை அழுத்தத்தோட தள்ளுது. அந்த ஆயில்தான் பம்புக்கு வழுவழுப்பும் கொடுக்குது, சூட்டையும் எடுத்துட்டுப் போகுது. ஓடின வண்டியில பம்ப் ஓரளவு சூடா இருக்கறது சகஜம். எரிஞ்ச வாடை, ஊளைச் சத்தம், ஸ்டியரிங் கனமாகறது இதெல்லாம் சேர்ந்து வந்தாதான் பிரச்சினை.

செலவு குறைஞ்சதுல இருந்து ஆரம்பிங்க

இன்ஜினை அணைச்சு, ஆற விட்டுப் பாருங்க.

1. ஓட்டுற பழக்கம் (செலவு இல்லை): பார்க்கிங்ல ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு அப்படியே பிடிச்சுட்டு இருக்கீங்களா? அப்போ அழுத்தம் உச்சத்துக்குப் போய், ஆயில் பம்புக்குள்ளேயே சுத்திச் சுத்திச் சூடாகும். முழுசா ஒடிச்சதும் சில விநாடியிலேயே கொஞ்சம் தளர்த்திடுங்க.

2. டயர் காத்து: முன் டயர்ல காத்து குறைஞ்சா ஸ்டியரிங் கனமாகும், பம்புக்கு வேலை கூடும். எவ்வளவு காத்துன்னு பெரும்பாலான கார்கள்ல டிரைவர் கதவுப் பக்க ஸ்டிக்கர்லயே இருக்கும்.

3. ஆயில் அளவு: டப்பாவுல மினிமம், மேக்ஸிமம் கோடு இருக்கும். மினிமத்துக்குக் கீழ போயிருந்தா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம். ஊத்திட்டு மட்டும் விட்டுடாதீங்க. ஹோஸ், இணைப்பு, ராக் பக்கம் ஈரம் இருக்கான்னு பாருங்க. சூடான சைலன்சர் பைப் மேல ஆயில் சொட்டினா தீப்பிடிக்கற ஆபத்தும் உண்டு.

4. ஆயில் தரம்: கருப்பாகி எரிஞ்ச வாடை வந்தா ஆயிலை முழுசா மாத்துங்க. மேனுவல்ல சொன்ன ரகத்தை மட்டும் ஊத்துங்க. பிரேக் ஆயிலை ஊத்தினா சீல் எல்லாம் கெட்டுடும். ஆயில்ல நுரை தெரிஞ்சா உள்ளே காத்து புகுந்திருக்கு. முன் சக்கரத்தைத் தூக்கி, இன்ஜினை ஆன் பண்ணாம ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் பல தடவை திருப்பி மெக்கானிக் ஏர் எடுப்பார்.

5. பெல்ட்: வெடிப்பு, பளபளப்பு, திரும்பும்போது கீச்சுனு சத்தம் வந்தா பெல்ட் வழுக்குது, அந்த உரசலே சூடு. ரொம்ப டைட்டா இருந்தாலும் தப்பு, பம்ப் பேரிங் தேயும்.

6. ரிட்டர்ன் வழி: ரிட்டர்ன் ஹோஸ் மடங்கினாலோ, டப்பாவோட ஃபில்டர் அடைச்சாலோ, ஆயில் ஆற வேண்டிய கூலிங் குழாய்ல அடைப்பு இருந்தாலோ சூடு தங்கிடும்.

இந்த ஆறும் சரியா இருந்தும் சூடு குறையலைன்னாதான் பம்ப் மேல சந்தேகப்படணும். அப்பவும் "கேஜ் வெச்சு பிரஷர் பார்த்தீங்களா?"ன்னு கேளுங்க. சீல் கிட் மாத்தினா போதுமான்னும் கேளுங்க.

தள்ளிப் போட்டா என்ன ஆகும்?

பம்ப் இறுகிப் போனா பெல்ட் அறுந்துடலாம். பல கார்கள்ல அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சுத்துது. அப்புறம் பேட்டரி சார்ஜ் ஆகாது, இன்ஜினும் சூடாகும். சில நூறு ரூபாய் ஆயில்ல முடிய வேண்டியது இன்ஜின் வேலையா மாறிடும். ஸ்டியரிங்கும் திடீர்னு கனமாகும். வளைவுல அது உயிருக்கே ஆபத்து. இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு நினைக்காதீங்க, சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி தேய்மானத்துக்கும் மெக்கானிக்கல் கோளாறுக்கும் பணம் தராது.

பில் போடும்போது

பாகம், ஆயில், கூலி தனித்தனியா எழுதின எஸ்டிமேட் வாங்குங்க. மாத்தின பழைய பாகத்தைக் கையில கேளுங்க. "எதனால கெட்டுச்சு?"ங்கற கேள்விக்குப் பதில் வராத வரைக்கும் பெரிய செலவுக்கு ஓகே சொல்லாதீங்க.

அதோட, மாசா மாசம் பெட்ரோல் காசு மாதிரியே கார் பராமரிப்புக்குன்னு ஒரு தொகையைத் தனி அக்கவுண்ட்ல ஒதுக்கி வைங்க. எமர்ஜென்சி ஃபண்ட் வேலை போனா, உடம்பு சரியில்லைன்னா எடுக்கறதுக்கு. கார் ரிப்பேர் எப்போ வரும்னுதான் தெரியாது, ஆனா வரும்னு தெரியும். தெரிஞ்ச செலவுக்குக் கிரெடிட் கார்டு வட்டி கட்ட வேண்டாமே.

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போற நண்பருக்கு இதை அனுப்புங்க. விலை பேசறதுக்கு முன்னாடி ஆயில் டப்பாவைத் திறந்து பார்க்க ரெண்டே நிமிஷம்தான் ஆகும்.